வான்கதவு

முரசுமோட்டைப் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு அறை.
குள்ளமான மேசைக்குள் முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு
சேத விபரப் படிவம் நிரப்புகிறேன்.
படிவங்களும் நனைந்துதான் வந்தன.
ஏழாம் நிரலின் தலைப்பு: காரணம்.

அட்டை இலக்கம், வயல் எத்தனை ஏக்கர், கோழி எத்தனை
என்று கேட்டால் தயங்கித் தயங்கிச் சொல்கிறவர்கள்
ஏழாவதுக்கு வந்ததும் மளமளவென்று சொல்கிறார்கள்.

தகரக் கொட்டில் சபையின் போதகர்
நோவாவின் நாளிலிருந்து தொடங்கினார்.
சபையின் கீபோட்டும் இரண்டு ஸ்பீக்கரும் போய்விட்டன.
அவை என்ன பாவம் செய்தன என்று நான் கேட்கவில்லை,
எண்ணிக்கையை எழுதிக்கொண்டேன்.

கோயில் நிர்வாகம் இரண்டாய் உடைந்து
வழக்கு நீதிமன்றத்தில் கிடக்கிறது, இந்தமுறை பொங்கல் இல்லை,
அம்மாளாச்சிக்குக் கோபம் என்றார் பொருளாளர் புவிராசசிங்கம்.
மூலஸ்தானத்துக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர்.
கோபம் வந்தால் தன் வீட்டையுமா
என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"போனில பெடியள் பாக்கிற படங்கள்" என்றாள் திலகேஸ்வரி.
கரண்ட் இல்லை. அவளுடைய மகன்தான்
போன் வெளிச்சத்தைப் படிவத்துக்குப் பிடித்தபடி நின்றான்.

அருந்தவத்தார் கடைசி ஆள்.
பன்னிரண்டு மாடு, கட்டின கயிற்றோடு.
அவிழ்க்க நேரம் கிடைக்கவில்லை.
"காரணத்தில என்ர பேரை எழுதுங்கோ பிள்ளை."

அந்த வைகாசி. நந்திக்கடல், நெஞ்சளவு.
தோளில் தன் மகன்.
பக்கத்தில் வந்த யாரோ ஒருத்தி
குழந்தையைத் தூக்கி நீட்டி
"இதையும் பிடியுங்கோ அண்ணை" என்றாளாம்.
"நான் காது கேளாத மாதிரி நடந்தன்.
தண்ணி மறக்கேல்லை.
இவ்வளவு வருசம் தேடி வாசலுக்கே வந்திருக்கு."

அவர் அழவில்லை.
கணக்கு முடிந்த ஒருவரின் ஆறுதல் அந்த முகத்தில்.
அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு அந்த முகத்தைத் தெரியும்.
பதினொரு வயதில் அது என்னுடையது.
பங்கருக்குள், தங்கச்சியின் மாப்பேணியில்
இரண்டு விரல் மா களவெடுத்துத் தின்றேன்.
அடுத்தநாள் விடிய ஷெல்.
அவள் மட்டும்.
இரண்டு விரல் மாவுக்கு ஒரு தங்கச்சி என்று
எத்தனை வருடம் அந்தக் கடனைக் கட்டினேன்!
வெள்ளிக்கிழமை விரதம். பால் தேத்தண்ணி தொடுவதில்லை.
கடவுள் கொடியவர்தான், ஆனால்
அவருக்கு என்னைத் தெரியும் என்பதில்
ஒரு கதகதப்பு இருந்தது.
அதைக் கைவிட்ட பிறகுதான் குளிர்ந்தது.
எறிந்தவனுக்கு என்னையும் தெரியாது,
மாப்பேணியையும் தெரியாது.

அருந்தவத்தாரிடம் இதைச் சொல்லவில்லை.
பன்னிரண்டு மாடும் அவருக்கான தண்டனை என்றால்
அந்தக் குழந்தை எவருக்கான தண்டனை
என்றும் கேட்கவில்லை. கேட்டால்
அவர் எங்கே போய் நிற்பார்?

வானமும் வான்தான்,
குளம் நிரம்பி வழிவதும் நம் பேச்சில் வான்தான்.
அதனால்தானோ என்னவோ
கதவைத் திறந்தது யார் என்று
காலையிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை.

ஏழாம் நிரலில் எழுதினேன்:
குளத்து வான்கதவுகள் எல்லாம் ஒரேயடியாகத் திறக்கப்பட்டன.
இரவு இரண்டு நாற்பது. முன்னறிவித்தல் இல்லை.

வாசித்துக் காட்டினேன்.
"அப்ப என்ரது?"
"அதுக்கு நிரல் இல்லை ஐயா."

பேசாமல் இருந்தார்.
பெருவிரலை மையில் அழுத்திக் கடதாசியில் வைத்தார்,
சேறும் சேர்ந்து பதிந்தது.
"இதை மேல அனுப்புவியளோ?"
"கச்சேரிக்கு" என்றேன்.

தலையாட்டிவிட்டு எழுந்து போனவர்
வாசலில் செருப்பைத் தேடினார். செருப்பு இல்லை,
வெறுங்காலோடுதான் வந்திருக்கிறார்.
திரும்பி என்னைப் பார்க்காமலே
"அது பொம்பிளைப் பிள்ளை" என்றார்.
"ஒரு வயசு இருக்கும்."